ஜெயித்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை

சேலம் புத்தகத் திருவிழாவில் சிறுவர் நூல் ஸ்டால்களைச் சுற்றி வந்தால் ராஜராஜன், ராஜேந்திரன், கட்டபொம்மன், வேலுநாச்சியார், நம்ம தீரன் சின்னமலை என்று அடுக்கடுக்காக இருக்கிறது. இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் ஒரு புத்தகமாவது போரை அந்தப் பக்கத்தில் நின்று, எதிரி வீட்டுப் பிள்ளையின் வாயால் சொல்கிறதா என்று தேடினேன். எனக்குக் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட கதைகள் தமிழில் கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. அது யாருக்கு முதலில் வேண்டும் என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு.

அக்கா மகன் படிக்கும் பள்ளியில் ஆடிப் பதினெட்டை ஒட்டி சின்னமலை நாடகம் போட்டார்கள். ஒத்திகை பார்க்கப் போயிருந்தேன். சின்னமலையாக நடிக்க அத்தனை போட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாயாக நிற்க மட்டும் ஆளில்லை. கடைசியில் ஒரு பையனைப் பிடித்து, சிவப்புச் சட்டை மாட்டி, முகம் முழுக்க பவுடர் அப்பி நிறுத்தினார்கள். அவன் கேட்டான், "எம் பேரு என்னங்க மிஸ்?" தாளில் 'சிப்பாய் 3' என்றுதான் இருந்தது. மிஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜான்னு வச்சுக்கோ" என்றார்.

அவனுக்கு பவுடரே தேவையில்லை. கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரிகள்தான் வெள்ளைக்காரர்கள், துப்பாக்கி தூக்கியவர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணில் பிறந்து தமிழும் தெலுங்கும் உருதும் பேசியவர்கள். பெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முகாம் முகாமாக நகர்ந்தவர்கள். 1805இல் சின்னமலையை சங்ககிரியில் தூக்கிலிட்டபோது கோட்டையில் காவல் நின்றவர்களில் நம்மைப் போல் பேசியவன் ஒருவனாவது இருந்திருப்பான். அவனுக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அந்த ராத்திரி வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும்? அதை யாராவது எழுத வேண்டாமா?

உடனே சிலர் கேட்பார்கள், அப்போ சின்னமலை செய்தது தப்பா, கம்பெனி நல்லவனா என்று. இல்லை. கம்பெனி ஊரைப் பிடிக்க வந்தது, சின்னமலை எதிர்த்தார், அதில் எந்தக் குழப்பமும் இல்லை. சிப்பாய் மகனின் கதையைச் சொன்னால் அந்த நியாயம் தேய்ந்துபோகாது. நம் ஆட்களே எப்படி அந்தப் பக்கம் போய் நின்றார்கள் என்பது பிள்ளைகளுக்குப் புரியும், அவ்வளவுதான். மாதச் சம்பளமும் சோறும் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது இன்றைக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அதோடு நம் பகுதியில் எதிரி என்பவனே நிலையாக இருந்ததில்லை. மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல் என்று அனுப்பிய கதை கொங்கு நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அதே சின்னமலைதான் பிறகு திப்புவோடு சேர்ந்து கம்பெனியை எதிர்த்தார்.

சேலம் கம்பெனி கைக்குப் போன கதையிலேயே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாதி ராஜ்யத்தைக் கொடுத்தார், அந்தப் பாதியில் சேலமும், இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமான பாராமகாலும் சேர்ந்தவை. பணமும் கட்ட வேண்டும், 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அதைக் கட்டி முடிக்கும்வரை பணயமாக அப்துல் காலிக், முயிஸுத்தீன் என்ற தன் இரண்டு மகன்களை கம்பெனித் தளபதி கார்ன்வாலிஸிடம் ஒப்படைத்தார். பத்து வயதை ஒட்டிய பையன்கள். சென்னைக்குக் கொண்டுபோய் 1794 வரை வைத்திருந்தார்கள். வெள்ளைக்கார ஓவியர்கள் அந்தக் காட்சியைத் தங்கள் தளபதியின் பெருந்தன்மையாக வரைந்து தள்ளினார்கள். நம் ஊர் கைமாறிய கணக்கில் ஈடாக வைக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளை ஒரு வரி படித்ததில்லை.

இதெல்லாம் எங்கிருந்தோ இறக்குமதி செய்த யோசனை என்று நினைப்பவர்கள் புறநானூறு 46ஆம் பாட்டைப் படியுங்கள். எதிரி மன்னன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இட சோழன் கிள்ளிவளவன் நிறுத்தியிருக்கிறான். புலவர் கோவூர் கிழார் போய் நியாயம் பேசுகிறார். புறாவுக்காகத் தன்னையே கொடுத்தவன் வழிவந்தவன் நீ என்று சொல்லிவிட்டு அடுத்து அந்தப் பிள்ளைகளைக் காட்டுகிறார். 'புன்தலைச் சிறாஅர் மன்று மருண்டு நோக்கி' என்கிறார். யானையைக் கண்டு அழுகையை மறந்த சின்னப் பிள்ளைகள் கூடியிருக்கும் கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறார்கள். எதிரி வீட்டுப் பிள்ளை அந்த இடத்தில் எதைப் பார்க்கும், எதற்குப் பயப்படும் என்று அவர் பார்த்துச் சொல்லியிருக்கிறார், அதுவும் ஜெயித்த ராஜாவின் முகத்துக்கு நேராக. பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

ஜெயித்தவனிடம் சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்கு முக்கியம். எதிர்ப்பக்கத்துக் கதை முதலில் ஜெயித்தவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் வேண்டும்.

இப்போது பிள்ளைகள் மத்தியில் சோழர் மோகம் உச்சத்தில் இருக்கிறது. நல்லது. ராஜேந்திரன் கல்வெட்டுகளில் அவன் வெற்றிகளைப் பாடும் மெய்க்கீர்த்தியில் 'பொருகடல் ஈழத்து அரசர்தம் முடியும் ஆங்கவர் தேவியர் ஓங்கெழில் முடியும்' என்று பெருமையாக வரும். இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்து வந்தார்கள், அவன் சோழ நாட்டிலேயே செத்தான். அவன் மகன் காசியப்பனை சோழர் கண்ணில் படாமல் ஜனங்கள் ஒளித்து வளர்த்தார்கள் என்றும், அவனுக்கு 12 வயதாகிறது என்று தெரிந்ததும் பிடித்துவர சோழப் படை போனது என்றும் இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. அது எதிரி எழுதியது, கூட்டிக் குறைத்துத்தான் இருக்கும். மெய்க்கீர்த்தி மட்டும் யார் எழுதியது? அம்மாவின் கிரீடம் எதிரி நாட்டுக் கல்வெட்டில் பெருமையாக ஏறியிருக்க, யார் கண்ணிலும் படாமல் ஒளிந்து வளரும் ஒரு பையன். இதைவிட ஒரு கதை வேண்டுமா? எங்கள் ஞாயிறு வாசிப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இதை வாய்மொழியாகச் சொன்னபோது, அவன் மாட்டினானா இல்லையா என்று விடாமல் கேட்டார்கள். சோழர் படை அவனைப் பிடித்துவிடக் கூடாது என்று நம்ம சேலத்துப் பிள்ளைகள் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, கடினமான கேள்விக்கு வருகிறேன். அப்போ ஈழத்துப் பிள்ளைக்கு சிங்களச் சிப்பாய் மகனின் கதையைக் கொடுப்பாயா? நம் மாவட்டத்திலேயே முகாம்களில் ஈழத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. கொடுக்க மாட்டேன். 2009இல் எல்லாவற்றையும் இழந்தவர்களின் பிள்ளையிடம் போய் எதிரியைப் புரிந்துகொள் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. அவர்கள் கதையே இன்னும் முழுசாக எழுதப்படவில்லை, முதலில் அது வரட்டும். கொழும்பில் இருக்கும் சிங்களப் பிள்ளைக்குத்தான் முள்ளிவாய்க்கால் பிள்ளையின் கதை வேண்டும். காசியப்பன் கதை நமக்கு வேண்டியிருப்பதும் அதே காரணத்தால்தான்.

எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எதிரி வீட்டுப் பிள்ளையை ஒன்றும் தெரியாத அப்பாவியாக எழுதாதீர்கள், அது பிள்ளைகளை ஏமாற்றுவது. சிப்பாய் மகன் தன் அப்பாவின் சிவப்புச் சட்டையைத் தொட்டுப் பார்த்துப் பெருமைப்பட வேண்டும். சின்னமலையைக் கொள்ளைக்காரன் என்று அவன் நம்ப வேண்டும், ஏனென்றால் அவன் வீட்டில் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். படிக்கிற சங்ககிரிப் பிள்ளைக்குக் கோபம் வரட்டும். கோபத்தோடேயே அடுத்த பக்கத்தைத் திருப்ப வைக்க முடிந்தால் அவர்தான் எழுத்தாளர். அப்புறம் கடைசி அத்தியாயத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்து சமாதானமாகப் போவது வேண்டாம். 1805இல் அப்படி எதுவும் நடக்கவில்லை.

யாராவது எழுதிக்கொண்டிருந்தால், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், எந்த இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள் என்று அப்படியே எழுதி அனுப்புகிறேன்.