காதையும் கவனியுங்கள்

வயதானவர்களின் ஞாபக சக்தி பற்றிய உங்கள் கட்டுரையில் வல்லாரைக் கீரை, குறுக்கெழுத்து, நடைப்பயிற்சி உதவும் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் காது பற்றி ஒரு வரிகூட இல்லையே!

என் அம்மாவுக்கு 72 வயது. இரண்டு வருடம் முன்பு, காலையில் சொன்னதை மதியம் கேட்டால் "நீ எப்போ சொன்னே?" என்பார். மறதி என்றே முடிவு கட்டிவிட்டோம். முதலில் பார்த்த டாக்டரும் "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். வேறொருவர்தான் செவித்திறன் சோதனையும், ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு அளவும் பார்க்கச் சொன்னார். பி12 குறைவாக இருந்தது, ஊசி போட்டோம். ஆனால் பெரிய பிரச்சினை காதுதான். பாதிப் பேச்சு அவருக்குக் கேட்கவே இல்லை. காதில் விழாததை எப்படி நினைவில் வைப்பார்? கல்யாண வீடுகளில்கூட ஒதுங்கி உட்கார ஆரம்பித்திருந்தார். அதை நாங்கள் கோபம் என்று நினைத்தோம். இன்றும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழுவின் 2024 அறிக்கை, மறதி நோய்க்கு (டிமென்ஷியா) நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. செவித்திறன் குறைவு அதில் முக்கியமானது. ரத்த அழுத்தம், சர்க்கரை, தனிமை, சரிசெய்யாத பார்வைக் குறைவும் உண்டு. எல்லாவற்றையும் கவனித்தால் சுமார் 45 சதவீத பாதிப்பைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியுமாம்.

காது மெஷின் போட அம்மாவுக்கு முதலில் கூச்சம். பேத்திதான் சம்மதிக்க வைத்தாள். இப்போது இருவரும் தினமும் சாயங்காலம் பல்லாங்குழி ஆடுகிறார்கள், அம்மாவுக்குக் காய் எண்ணிக்கை தவறுவதே இல்லை.