வார்மின்ட் ஒரு விலங்கின் பெயர் அல்ல

'வார்மின்ட்' (varmint) என்ற ஆங்கிலச் சொல் அமெரிக்காவில் வாழும் கீரி மாதிரி ஒரு விலங்கின் பெயர், தொல்லை தரும் பிராணிகளைக் குறிக்கும் 'வெர்மின்' (vermin) வேறு சொல் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

அப்படி ஒரு விலங்கே கிடையாது. கோழியைத் தூக்கும் நரி, சோளத்தைத் தின்னும் ரக்கூன், மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் பிராணி என விவசாயிக்குத் தொல்லை தரும் எதுவும் வார்மின்ட்தான். ஒருவர் தோட்டத்தில் தொல்லை, அடுத்தவர் கண்ணுக்கு அழகு!

சொல்லும் வெர்மினின் பேச்சு வடிவமே. மூலம், புழுவைக் குறிக்கும் லத்தீன் 'வெர்மிஸ்'. மண்புழு உரத்தை வெர்மிகம்போஸ்ட் என்கிறோமே, அதே வேர். 'வெர்' எப்படி 'வார்' ஆனது? யூனிவர்சிட்டி சுருங்கி 'வார்சிட்டி' ஆனதைப் பாருங்கள். நம் ஆபீஸ்களில் கிளர்க், கிளார்க் இரண்டும் புழங்குவதும் இதே கதைதான். கடைசி 'ட்' பேச்சில் ஒட்டிக்கொண்டது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே இந்த வடிவம் இருந்தது, ஆகவே அமெரிக்கக் கண்டுபிடிப்பும் அல்ல.

அப்புறம், இன்று இது கொஞ்சம் பழைய வாடை அடிக்கும் சொல். அடங்காத பொடியனையும் இப்படித் திட்டுவார்கள். நம் வீட்டுப் பாட்டி "குரங்கே, இறங்குடா" என்பாரே, அந்தத் தொனி.