அலையாத்தி இலை மீனுக்கு நேரடித் தீவனமா?

'அலையாத்தி இலைகளை மூட்டை மூட்டையாகக் குளத்தில் கொட்டுங்கள், தீவனமே வேண்டாம், மீன் மளமளவென்று வளரும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து நம்பிக் கொட்டிவிடாதீர்கள்.

பிச்சாவரத்தின் கடலோர அலையாத்திக் காட்டில் புதிதாக உதிர்ந்த சுரபுன்னை மர இலையைப் பாருங்கள். மஞ்சளாக, தோல்போலத் தடிப்பாக இருக்கும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், புரதத்துக்கு வேண்டிய நைட்ரஜன் குறைவு. மீனுக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. சில வாரம் ஊறிக் கறுத்த இலையோ விரலில் வழுவழுக்கும். பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் அதை இளக்கி, தங்கள் உடலின் புரதத்தையும் அதில் சேர்த்திருக்கும். அந்த மட்கைத்தான் இறாலும் மடவை மீனும் மேய்கின்றன. கொடுவா மீனுக்கு அந்த மட்கு ஆகாது. கொடுவா பிற மீன்களைத் தின்னும் இனம்.

சரி, காட்டில் நடப்பது குளத்தில் நடக்காதா? காட்டில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்கிறது. மூடிய குளத்தில் இலை மட்க மட்க ஆக்சிஜன் தீரும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும்.