தப்பு செய்தால் யாரும் வந்து சொல்லாத தொழில்

"போலீஸ் ஆவதற்கு எதற்குப் பட்டம்? உடம்பும் துணிச்சலும் இருந்தால் போதாதா?" குற்றவியல் நீதியும் காவல் பணியும் படிக்கச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்களில் பலர் துறையிலேயே ஊறியவர்கள். "தெரு கற்றுக்கொடுக்கும் தம்பி, புத்தகம் என்ன கற்றுக்கொடுக்கப் போகிறது" என்பார்கள். அவர்கள் மேல் எனக்கு நிஜமாகவே மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பேச்சை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கொத்தனார் கட்டிய சுவர் சாய்ந்தால் அவருக்கே தெரிந்துவிடும். சமையலில் உப்பு கூடினால் சாப்பிடுகிறவர் முகமே சொல்லிவிடும். தப்பு திரும்பி வந்து நம் கதவைத் தட்டுவதால்தான் அடுத்த முறை கை திருந்துகிறது, அதைத்தான் அனுபவம் என்கிறோம். காவல் பணியில் தப்பு அப்படித் திரும்பி வருவதில்லை. தப்பான ஆளைப் பிடித்து, அவர் தண்டனையும் வாங்கி உள்ளே போய்விட்டால் அந்தக் கேஸ் 'முடிந்தது' கணக்கில் சேர்ந்துவிடும். அவர் உள்ளேயிருந்து நான் இல்லை, நான் இல்லை என்று கத்தினாலும், எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் என்று பழகிப்போன காதில் அது ஏறாது. முப்பது வருடம் நேர்மையாக வேலை பார்த்த அதிகாரிக்குக்கூட, தான் எத்தனை முறை தவறினோம் என்பது கடைசிவரை தெரியாமல் போகலாம்.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் நடந்ததைப் பாருங்கள். 1983இல் ஒன்று, 1986இல் ஒன்று என 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது கொலையை நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டான். முதல் கொலையும் அவன் வேலைதான் என்று நிரூபிக்க நினைத்துத்தான் போலீஸ் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானியிடம் போனது. டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்த அவர், இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான், ஆனால் அது இந்தப் பையன் இல்லை என்றார். உண்மையில் செய்தவன் 1988இல் ஆயுள் தண்டனை பெற்றான். ஜெஃப்ரீஸ் அந்த முறையைக் கண்டுபிடித்ததே 1984இல்தான். அதற்குச் சில வருடம் முன்னால் இது நடந்திருந்தால்? ஒப்புதல் வாக்குமூலம் கையில் இருக்கிறது, கேஸ் முடிந்தது, எல்லாருக்கும் பாராட்டு. அந்தப் பையனின் வாழ்க்கை அதோடு போயிருக்கும், யாருக்கும் உறுத்தியிருக்காது.

என் முதலாமாண்டில் ஒரு நாள், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் உள்ளே வந்தார். மேசை மேலிருந்த பையை எடுத்தார், பேராசிரியரிடம் கடுமையாக இரண்டு வார்த்தை பேசினார், போய்விட்டார். மொத்தம் அரை நிமிடம் இருக்கும். உடனே ஆளுக்கொரு தாள் கொடுத்து, பார்த்ததை வாக்குமூலமாக எழுதச் சொன்னார்கள். "கறுப்புச் சட்டை, தாடி, பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்" என்று எழுதினேன். பிடுங்கவில்லை, எடுத்தார். ஓடவில்லை, நடந்தார். அவர் திரும்ப உள்ளே வந்து நின்றபோது பார்த்தால் வழவழவென்று ஷேவ் செய்த முகம். தாளின் கடைசியில் 'எவ்வளவு உறுதி?' என்ற கேள்விக்கு 'நூறு சதவீதம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். பேராசிரியர் தாடியை விட்டுவிட்டார். அந்த அடிக்கோட்டை மட்டும் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் செய்த சோதனையை அடுத்த வாரம் படித்தோம். மாணவர்களுக்குக் கார் விபத்துக் குறும்படங்களைக் காட்டிவிட்டு வேகம் என்ன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்லைத்தான் மாற்றினார்கள். கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டால் சராசரி பதில் மணிக்கு 40.5 மைல், 'தொட்டபோது' என்று கேட்டால் 31.8. இன்னொரு சோதனையில், பலமான சொல்லால் கேட்கப்பட்டவர்களில் 50க்கு 16 பேர், படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள். விசாரணையில் உட்கார்ந்து கேள்வி கேட்கப் போகிற ஒருவர் இதைத் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது, அவ்வளவுதான். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்று சின்ன வயதிலிருந்து சொல்கிறோம். தீர விசாரிப்பதில் அந்த 'தீர' என்ற சொல்லுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது எனக்கு இந்தப் படிப்பில்தான் புரிந்தது.

ரோந்தும் இப்படித்தான். போலீஸ் வண்டி சுற்றிச் சுற்றி வந்தால் குற்றம் குறையும் என்பது யாருக்கும் சந்தேகமே வராத விஷயம். 1972-73இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் 15 பகுதிகளை மூன்றாகப் பிரித்து, சிலவற்றில் ரோந்தைக் கூட்டி, சிலவற்றில் நிறுத்தி, சிலவற்றை அப்படியே விட்டுப் பார்த்தார்கள். குற்றத்திலும் மக்களின் பயத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதனால் ரோந்தே வீண் என்று அர்த்தமில்லை. குற்றம் குவிகிற சில இடங்களில் மட்டும் கவனத்தைக் குவித்தால் பலன் இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கிற வரைக்கும் எந்த அனுபவசாலிக்கும் இது தெரியாது, தெரியவும் வழியில்லை.

எனக்கு வருத்தமும் கோபமும் வருகிற இடம் ஒன்று உண்டு. ஆய்வு முறைகள், புள்ளியியல் என்று பாடத்திட்டத்தில் இருப்பதைக் கணக்குப் பாடம் என்று வெறுத்து, பாஸ் மார்க்குக்கு மட்டும் படித்துத் தள்ளுகிற கூட்டம்தான் வகுப்பில் பெரியது. தொடர் கொலையாளிகளைப் பற்றிய வகுப்பென்றால் இடம் கிடைக்காது, புள்ளியியல் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. சொல்லிக்கொடுப்பவர்களில் சிலரும் சட்டப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வைத்து வேலையை முடித்துக்கொள்கிறார்கள். நான் படித்த இடத்திலேயே அது நடந்தது. பிரிவு எண்ணை யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் தேடி எடுத்துவிடலாம். தன் முடிவைத் தானே சந்தேகித்துச் சரிபார்க்கும் பழக்கம் அப்படித் தேடினால் கிடைக்காது.

சரி, தெரு எதுவும் கற்றுக்கொடுக்காதா? கொடுக்கும். கத்துகிற ஒருவரைக் குரல் உயர்த்தாமல் அமைதிப்படுத்துவது, இறப்புச் செய்தியைக் குடும்பத்துக்குச் சொல்வது, இதெல்லாம் அங்கேதான் வரும். அதில் பல்கலைக்கழகம் பெரிதாக உதவாது.

போன வாரம் ஒரு தம்பி இந்தப் படிப்பில் சேரலாமா அண்ணா என்று கேட்டிருந்தான். சேர். ஆனால் சேருவதற்கு முன் ஏதாவது ஒரு கீழ் நீதிமன்றத்தில் ஒரு முழு நாள் பின்வரிசையில் போய் உட்கார். பரபரப்பான வழக்கு வேண்டாம், சாதாரண நாள் போதும். ஒவ்வொரு வழக்கும் எத்தனை நிமிடத்தில் முடிகிறது என்று குறித்துக்கொள், நிற்கிறவரிடம் யாராவது புரியும்படி பேசுகிறார்களா என்று பார். அன்று சாயங்காலமே அதை எழுதி வை. ஒரு வாரம் கழித்து, தாளைப் பார்க்காமல் மறுபடி எழுது. அப்புறம் இரண்டையும் எடுத்துக்கொண்டு வா, உட்கார்ந்து பேசுவோம்.