அவர் ‘மாவட்ட நீதிபதி’ இல்லை, ஐயா

அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் யாரும் என் நட்பு வட்டத்தில் இருக்க வாய்ப்பில்லை. இரண்டு நாளாக ஆளுக்கொரு பக்கம் பகிர்ந்து தள்ளிவிட்டீர்கள். அதனால் யார், எந்த சேனல் என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. அமெரிக்காவைப் பற்றி ‘ஒரு ஜில்லா ஜட்ஜ், நாட்டின் அதிபர் போட்ட உத்தரவையே நிறுத்துகிறார், இதெல்லாம் ஒரு நாடா’ என்று அந்த வீடியோக்காரர் சிரித்தாரே, அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும்தான் பேச்சு. கீழே நான்கு வரியில் பதில் எழுதியதற்கு ‘அமெரிக்க அடிமை’ என்று பட்டம் வேறு கிடைத்தது. சரி, அடிமையே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அமெரிக்க ‘டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்’ நம் ஊர் மாவட்ட நீதிபதி இல்லை. டிஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைக் கண்டதும் நம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கிற மாவட்ட நீதிமன்றம் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கேதான் வினை. நம் மாவட்டத்துக்குச் சமமான நிர்வாகப் பிரிவு அமெரிக்காவில் கவுண்டி. இங்கே டிஸ்ட்ரிக்ட் என்பது ஃபெடரல், அதாவது மத்திய அரசின் நீதிமன்றங்களுக்காகவே போட்ட எல்லைக்கோடு. மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதும் ஒரே டிஸ்ட்ரிக்ட். டெக்சாஸில் நான்கு, கலிபோர்னியாவில் நான்கு. மொத்தம் 94. இதற்கு மேலே 13 அப்பீல் நீதிமன்றங்கள், அதற்கு மேலே 9 பேர் உட்காரும் சுப்ரீம் கோர்ட். ஃபெடரல் பக்கத்தின் முக்கிய ஏணி இந்த மூன்று படிதான்.

அந்த முதல் படியில் இருப்பவரை யார் நியமிக்கிறார்கள்? அதிபர் பெயரை அனுப்ப வேண்டும், நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட் ஓட்டுப் போட்டு ஒப்ப வேண்டும். சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்கும் அதே வழிதான். அரசியல் சாசனத்தின் 3-ஆவது பிரிவு இவர்கள் எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பைத் தருகிறது: நன்னடத்தை இருக்கும்வரை பதவி, பதவியில் இருக்கும்போது சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. ஓய்வு வயது கிடையாது. தூக்க வேண்டுமென்றால் கீழ்ச்சபை குற்றம்சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழ வேண்டும். இத்தனை காலத்தில் அப்படிக் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 15 நீதிபதிகள், பதவி பறிபோனது 8 பேருக்கு. (அந்த எட்டில் ஒருவர், ஆல்சி ஹேஸ்டிங்ஸ், 1989-இல் நீக்கப்பட்டு 1992-இல் கீழ்ச்சபைக்கே எம்.பி.யாகத் தேர்வாகிப் போனார். அது தனிக் கூத்து.)

இப்போது சொல்லுங்கள், இவரா ஜில்லா ஜட்ஜ்?

சரி, அதிபர் உத்தரவை எப்படி நிறுத்துகிறார்? காலையில் காபி குடித்துவிட்டு, பேப்பரைப் பார்த்து, கோபம் வந்து நிறுத்துவதில்லை. தானாக எடுத்து விசாரிக்கும் பழக்கமே அங்கே இல்லை. பாதிக்கப்பட்டவர் ஒருவர் வழக்கோடு வர வேண்டும். ‘எனக்கு இன்ன நஷ்டம், இன்னார் செய்தார், நீங்கள் உத்தரவிட்டால் தீரும்’ என்ற மூன்றையும் காட்டாவிட்டால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். 1793-இல் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் அரசே பிரெஞ்சுப் போர் விஷயத்தில் கருத்துக் கேட்டபோது, சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ‘அது எங்கள் வேலை இல்லை’ என்று மரியாதையாக மறுத்துவிட்டார்கள். நம் ஊர் அரசியல் சாசனத்தின் 143-ஆவது பிரிவு மாதிரி குடியரசுத் தலைவர் கேள்வி அனுப்ப, நீதிமன்றம் பதில் எழுதுகிற ஏற்பாடு அங்கே இல்லை.

வழக்கு வந்தபின் முதலில் கேட்பது தற்காலிகத் தடை. அதற்கு ஆயுள் 14 நாள், தக்க காரணம் இருந்தால் இன்னொரு 14. அதற்குள் இரு தரப்பும் வாதாடி இடைக்காலத் தடைக்குப் போக வேண்டும். அங்கே நான்கு கேள்வி. வழக்கு ஜெயிக்க வாய்ப்பு உண்டா? பிறகு பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டம் வருமா? தடையால் யாருக்குப் பாதிப்பு அதிகம்? பொதுநலன் எந்தப் பக்கம்? இடைக்காலத் தடை வந்த உடனே அரசு அப்பீல் போகலாம். மூன்று நீதிபதி அமர்வு பார்க்கும். அதுவும் சரிப்படாவிட்டால் சுப்ரீம் கோர்ட்டில் அவசர மனு.

2025 ஜனவரியை எடுத்துக்கொள்ளுங்கள். 20-ஆம் தேதி அமெரிக்க மண்ணில் பிறந்தாலே கிடைக்கும் பிறப்புரிமைக் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் உத்தரவில் டிரம்ப் கையெழுத்துப் போடுகிறார். பிப்ரவரி 19-இலிருந்து பிறக்கும் குழந்தைக்கு, அப்பா அம்மா இருவரும் எச்-1பி, எச்-4 மாதிரி தற்காலிக விசாவில் இருந்தால் குடியுரிமை இல்லை. டல்லஸில் தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்திக்கு அப்போது ஏழு மாதம். ‘18-ஆம் தேதிக்குள் ஆபரேஷன் செய்துக்கோம்மா’ என்று இங்கிருந்து மாமியார் போன் மேல் போன். டாக்டரும், மாமியாரும், பஞ்சாங்கமும் தேதி பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த உத்தரவை நிறுத்தியது யார்? 23-ஆம் தேதி சியாட்டிலில் ஜான் கோகனவர் என்ற டிஸ்ட்ரிக்ட் நீதிபதி. ரொனால்ட் ரீகன் நியமித்தவர். 14 நாள் தடை. சரியாக 14-ஆவது நாள், பிப்ரவரி 6, இடைக்காலத் தடை. பிப்ரவரி 19 அன்று அப்பீல் கோர்ட்டும் அதை விலக்க மறுத்தது. அன்றைக்கு நம் ஆட்கள் ஒருவர்கூட ‘ஜில்லா ஜட்ஜுக்கு என்ன அதிகாரம்’ என்று கேட்கவில்லை. வாட்ஸ்அப் குழுவெல்லாம் கும்பிடுகிற கைகளாக இருந்தது.

‘இது டிரம்ப் மீதான காழ்ப்பு’ என்கிறீர்களா? 2015 பிப்ரவரியில் ஒபாமாவின் குடியேற்றத் திட்டத்தை 26 மாநிலங்கள் கேட்டு நிறுத்தியது டெக்சாஸ் பிரவுன்ஸ்வில்லில் இருந்த ஒரே ஒரு டிஸ்ட்ரிக்ட் நீதிபதி. சுப்ரீம் கோர்ட் 4-4 என்று பிரிந்ததால் அந்தத் தடை அப்படியே நின்றது. இன்று குதிப்பவர்கள் அன்று கைதட்டினார்கள். அதற்கும் முன்னால் போங்கள். 1952, கொரியப் போர். வேலைநிறுத்தத்தால் எஃகு நின்றுவிடும் என்று அதிபர் ட்ரூமன் ஏப்ரல் 8 இரவு எஃகு ஆலைகளை அரசு கையில் எடுக்கிறார். ஏப்ரல் 29, வாஷிங்டனில் டேவிட் பைன் என்ற டிஸ்ட்ரிக்ட் நீதிபதி ‘உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை’ என்கிறார். போர் நடக்கிறது ஐயா, போர்! ஜூன் 2, சுப்ரீம் கோர்ட் 6-3 என்று பைன் பக்கம். ட்ரூமனே நியமித்த நால்வரில் இருவர் அவருக்கு எதிராக. ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வாட்டர்கேட் ஊழல் விசாரணைக்காக அதிபர் நிக்சனிடம் அவர் பேச்சுகளைப் பதிந்த டேப்பைக் கேட்டு உத்தரவு போட்ட ஜான் சிரிக்காவும் டிஸ்ட்ரிக்ட் நீதிபதிதான். 1974 ஜூலை 24, சுப்ரீம் கோர்ட் 8-0. தீர்ப்பு எழுதியவர் நிக்சன் கொண்டுவந்த தலைமை நீதிபதி பர்கர். ஆகஸ்ட் 9, நிக்சன் பதவி விலகி வீட்டுக்குப் போனார். இன்னும் எத்தனை உதாரணம் வேண்டும்?

‘மக்கள் தேர்ந்தெடுக்காத ஆளுக்கு எதற்கு இந்த அதிகாரம்?’ தேர்ந்தெடுக்காததால்தான், ஓட்டுக்குப் பயப்படாமல் தீர்ப்புச் சொல்ல முடிகிறது. மேலே போகலாம்.

ஒரு ஆட்சேபம் மட்டும் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். ஒரே நீதிபதி இருக்கிற ஊராகப் பார்த்து வழக்குப் போடுவது. டெக்சாஸ் அமரில்லோவில் வழக்குப் போட்டால் யாரிடம் போகும் என்று முன்கூட்டியே தெரியும். இரண்டு கட்சியும் தோதான இடம் பார்த்துத்தான் போகிறது. வழக்கில் இல்லாதவர்களுக்கும் சேர்த்து நாடு முழுக்கத் தடை போடுவது அதிகப்படி என்று 2025 ஜூன் 27-இல் சுப்ரீம் கோர்ட்டே 6-3 என்று சொல்லிவிட்டது. ‘பார்த்தாயா’ என்று வந்தார்கள் கமெண்டில். முழுசாகப் படித்தீர்களா? ஒரே பாதிப்பு உள்ள எல்லோருக்கும் சேர்த்து ஒரு சிலர் போடும் கூட்டு வழக்கு என்ற கதவை அந்தத் தீர்ப்பு மூடவில்லை. ஜூலை 10, நியூ ஹாம்ப்ஷயரில் இன்னொரு டிஸ்ட்ரிக்ட் நீதிபதி, புஷ் நியமித்தவர், குழந்தைகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்து அதே உத்தரவை மறுபடி நிறுத்தினார். பதின்மூன்றே நாள்.

என் எரிச்சலெல்லாம் தப்பான மொழிபெயர்ப்பு மேல்தான். ‘நியூயார்க் உச்ச நீதிமன்றம்’ என்று எத்தனை செய்தியில் படித்துவிட்டேன்! நியூயார்க் மாநிலத்தில் சுப்ரீம் கோர்ட் என்பது விசாரணை நீதிமன்றம். அங்கே உச்சியில் இருப்பதன் பெயர் கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். 2024 மே 30-இல் டிரம்பை 34 குற்றச்சாட்டில் குற்றவாளி என்றது அந்த விசாரணை நீதிமன்றத்தின் ஜூரிதான். மாநில வழக்கு என்பதால் அதிபரின் மன்னிப்பு அதிகாரம் அதைத் தொடாது. டெக்சாஸில் மாநில நீதிமன்றத்துக்கும் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் என்றே பெயர், அந்த நீதிபதி கட்சிச் சின்னத்தோடு நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தலில் நிற்பவர். இன்னொன்று, ‘குடியேற்ற நீதிபதி’. அவர் 3-ஆவது பிரிவு நீதிபதியே இல்லை, நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர். இத்தனை பேரையும் ‘அமெரிக்க நீதிமன்றம் அதிரடி’ என்ற ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டுகிறீர்கள். சொன்னால் அடிமை.

பத்து வருடமாக ஒரு ரூபாய் வாங்காமல் எழுதுகிறேன். ‘டிஸ்ட்ரிக்ட் கோர்ட்’ என்று தமிழ் எழுத்தில் அப்படியே போடுங்கள், அல்லது ‘ஃபெடரல் விசாரணை நீதிமன்றம்’ என்று போடுங்கள் என்றுதான் கேட்டேன். சட்டை பிடித்து இழுக்கவில்லையே.

பின்குறிப்பு: இப்போதுதான் காட்டினார்கள், சேனல் தலைப்பைத் திருத்திவிட்டதாம். ‘மாவட்ட நீதிபதி’ போய் ‘முன்சீப்’ ஆகியிருக்கிறார்.