முழங்காலின் வண்ணப் படத்தை நம்புவதற்கு முன்

முழங்காலில் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட் என்ற நார் எங்கே கிழியும் என்பதைக் கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்ற அறிவிப்போடு ஒரு வண்ணப் படம் அடிக்கடி பகிரப்படுகிறது. சிவப்பு ஆபத்து, நீலம் பத்திரம். பார்க்கப் பிரமாதம்தான். அந்தச் சிவப்பு எந்தக் கணக்கில் வந்தது என்று சொல்லாதவரை நான் அதை அலங்காரமாகத்தான் பார்ப்பேன்.

எம்ஆர்ஐ படத்திலிருந்து முழங்காலின் வடிவத்தை எடுத்து, அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, சுமை ஏறும்போது ஒவ்வொரு துண்டும் எவ்வளவு நீள்கிறது என்று கணக்கிடுவதுதான் இந்தப் படங்களுக்குப் பின்னால் உள்ள ஃபைனைட் எலிமென்ட் முறை. வடிவத்தை ஓரளவு பிடித்துவிடலாம். லிகமென்ட்டின் குணம்தான் ஆளைப் படுத்துகிறது. அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் இழுவை இல்லாதபோது நெளிநெளியாக இருக்கும். இழுக்கத் தொடங்கியதும் முதலில் அந்த நெளிவு நிமிரும். அதுவரை எதிர்ப்பு சொற்பம். நிமிர்ந்த பிறகு விறைப்பு கிடுகிடுவென ஏறும். இழைகளின் திசையில் இருக்கும் பலம் குறுக்குவாட்டில் இருக்காது. இழுத்தபடியே பிடித்து வைத்தாலோ, விசை மெல்லக் குறையும். எஃகுக் கம்பிக்கு எழுதும் எளிய சமன்பாடு இங்கே எடுபடாது.

இதைவிடப் பெரிய வில்லங்கம் முன் இழுவிசை. காலை நீட்டிச் சும்மா படுத்திருக்கும்போதும் முக்கிய லிகமென்ட்டுகள் முழுத் தளர்வில் கிடப்பதில்லை. சில சதவீதம் ஏற்கெனவே நீண்டுதான் இருக்கின்றன. எம்ஆர்ஐ படத்தில் இது தெரியாது. படத்தில் உள்ள நீளத்தையே இழுவையற்ற நீளமாக வைத்துக்கொண்டால், அதே சுமைக்குக் கணினி முழங்கால் நிஜ முழங்காலைவிடத் தளர்வாக ஆடும். இந்த எண்ணை ஊகித்துப் போட்டுவிட்டு, முடிவை மட்டும் மூன்று தசம இடத்துக்குச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆளுக்கு ஆள் வித்தியாசமும் சாதாரணமானதல்ல. தானமாகக் கிடைத்த முழங்கால்களை வைத்து 1991இல் வெளியான ஆய்வில், 22 முதல் 35 வயதினரின் ஏசிஎல் (முழங்காலின் நடுவே இருக்கும் ஒரு முக்கிய லிகமென்ட்) அறுவதற்குச் சராசரியாக 2,160 நியூட்டன் விசை தேவைப்பட்டது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 658 நியூட்டனே போதுமாக இருந்தது. அப்படியிருக்க, 'சராசரி லிகமென்ட்' என்று யாருடையதைச் சொல்வது?

நீஹப் (KneeHub) என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் ஐந்து குழுக்களுக்கு ஒரே முழங்கால் தரவுகளைக் கொடுத்துக் கணினி மாதிரி செய்யச் சொன்னார்கள். தரவு ஒன்றாக இருந்தும் குழுவுக்குக் குழு வழி மாறியது. மாதிரி செய்பவரின் கைவாகும் விடைக்குள் கலந்திருக்கிறது என்பதை இதற்குமேல் எப்படிச் சொல்வது? அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனையில் தொடங்கிய 'ஓப்பன் நீ' திட்டம் மாதிரியையும் தரவையும் பொதுவில் வைத்திருக்கிறது. மற்றவர்களும் அந்த அளவுக்குத் திறந்து காட்டட்டும். முடியாவிட்டால், படத்துக்குக் கீழே முன் இழுவிசை எவ்வளவு, அது அளந்ததா ஊகித்ததா என்று ஒரு வரியாவது எழுதட்டும்.