அவர் சொன்னால் மட்டும் எப்படித் திமிராகும்?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு கேட்டில் செகரட்டரிக்கும் செக்யூரிட்டிக்கும் நடந்த வாய்ச்சண்டையைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் குடியிருப்போர் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்த "விளக்கத்தை"ப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "குடியிருப்போரிடம் மரியாதைக் குறைவாகப் பேசியதால் பணியாளர் மாற்றப்பட்டுள்ளார்." அவ்வளவுதான். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். இரண்டு பேர் கைகூப்பு வேறு போட்டிருந்தார்கள், எதற்கென்று தெரியவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும், வீடியோதான் ஊரெல்லாம் சுற்றியதே. செகரட்டரிக்கு முப்பத்தைந்து இருந்தால் அதிகம். செக்யூரிட்டி அண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. "யோவ், கேட்டத் தொறக்க இவ்ளோ நேரமா? தூங்குறியா நீ?" என்று கேட்டார் செகரட்டரி. "நீ ஹாரன் அடிக்காம நின்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அண்ணன். இரண்டு பேரும் சொன்னது ஒரே "நீ". ஒருவருக்கு வேலை போனது. இன்னொருவர் விளக்கம் எழுதுகிறார்.

நான் கேட்பது ஒன்றைத்தான். "நீ" மரியாதைக் குறைவு என்றால் முதலில் சொன்னவருக்கு என்ன தண்டனை? குறைவில்லை என்றால் திருப்பிச் சொன்னவருக்கு எதற்குத் தண்டனை? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

போன பதிவில் ஒருவர் "வயதுக்கு மரியாதை தருவது தமிழர் மரபு, அதைக் கெடுக்காதீர்கள்" என்று எனக்கே பாடம் எடுத்தார். ஐயா, அறுபது வயதுக்காரரை "யோவ்" என்றது நானா? அந்த மரபு கேட்டுக்கு வெளியே நின்றபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

சரி, மரபு என்று வந்துவிட்டதால் அதையும் பார்த்துவிடலாம். புறநானூற்றில் அதியமான் தனக்கு நெல்லிக்கனி தந்ததைப் பாடும் ஔவையார் அவனை "நீ" என்றுதான் சொல்கிறார். படையும் கோட்டையும் வைத்திருந்தவன். அவன் ஔவையாரை வேலையை விட்டுத் தூக்கவில்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்வுச் சொல்தானே தவிர இலக்கண நெறி அல்ல என்று எழுதியே வைத்துவிட்டார். அதாவது இந்த மரியாதைப் பன்மை பேச்சில் முளைத்தது. அவர் காலத்திலேயே முளைத்துவிட்டது என்பதும் உண்மைதான், மறைக்கவில்லை. "நீர்" என்பதும் பழைய பன்மைதான். அது ஒருவருக்குரிய மரியாதையாகி, பிறகு நம் பக்கம் "நீங்கள்" அந்த இடத்துக்கு வந்துவிட்டது. யாழ்ப்பாணத் தோழி ஒருத்தி என்னை இன்னமும் "நீர்" என்பாள். மேலேயும் தூக்காமல் கீழேயும் தள்ளாமல் சமமாக நிற்கிற ஒரு சொல். நமக்கு அது நெல்லைப் பக்கத்துப் பெரியவர்களோடு போய்விட்டது. நம்மிடம் இருப்பது இரண்டே படி.

அந்த இரண்டு படியில் யார் எங்கே நிற்பது என்பதை வயதா முடிவு செய்கிறது? கோயம்புத்தூர்க்காரர்கள் நாம். "ங்க" போடாமல் நமக்கு வாய் திறக்காது என்று ஊரெல்லாம் பெருமை. என் அம்மா ஊரில் தோட்டத்து வீட்டுப் பொடியன், டவுசர்கூட ஒழுங்காக நிற்காத வயசு, பண்ணையத்தில் இருந்தவரைப் பேர் சொல்லி "வாடா" என்பான். நரைத்த தலை "வந்துட்டேனுங்க சாமி" என்று ஓடிவரும். அந்த "ங்க" ஒரு பக்கமாகத்தான் போகும். திரும்பி வராது. இது வயது இல்லை, சாதி என்று நேராகவே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைப்பானேன். இப்போது சாதியோடு சம்பளமும் யூனிஃபார்மும் சேர்ந்துகொண்டன.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் பியூனாக இருந்தார் என்பது பழைய நண்பர்களுக்குத் தெரியும். 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்து ஸ்ரீ, ஸ்ரீமதியை எடுத்துவிட்டு திரு, திருமதி கொண்டுவந்ததை அவர் வாழ்நாள் முழுக்கப் பேசுவார். அக்கா கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்கு முன்னால் "திரு" போட்டு அச்சடித்தார். அச்சகத்துக்கு இரண்டு தடவை நடந்து அந்த எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வைத்து அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். மேலதிகாரி பத்திரிகையைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார். "அட, நீயும் திருவாய்யா?" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்தான் சிரிக்கவில்லை. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கல்யாணத்துக்கு வந்தார், மொய்யும் நன்றாகவே வைத்தார். அதனால் என்ன? அதே அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இருபத்திச் சொச்சம் வயதுப் பையனை அப்பா "தம்பி" என்று கூப்பிட்டதற்கு, "சார்னு சொல்லிப் பழகு" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பையனுக்கு அப்பா கடைசிவரை "நீ"தான்.

அடுத்து "நீ என்பதில் பாசம் இருக்கிறது, அம்மாவையும் முருகனையும் நீ என்றுதானே கூப்பிடுகிறோம்" கட்சி. ஒப்புக்கொள்கிறேன், இருக்கிறது. ஆனால் பாசம் என்றால் திரும்பி வரும்போது இனிக்க வேண்டுமே? செக்யூரிட்டி அண்ணன் பாசத்தைத் திருப்பிக் கொடுத்தார், உங்களுக்கு ஏன் கசந்தது? முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. செகரட்டரி கோபித்துக்கொண்டார்.

"இங்கிலீஷில் எல்லாருக்கும் யூதான், தமிழில்தான் இந்தத் தொல்லை" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தம்பி, அவர்களுக்கும் "தௌ" என்று ஒருமை இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பெரிய மனிதர்களையும் "தௌ" என்றே கூப்பிட்டு அடியும் உதையும் வாங்கினார்கள். சுவீடனில் கதை இன்னும் வேடிக்கை. எதிரில் இருப்பவரிடமே "டைரக்டருக்குக் காபி வேண்டுமா?" என்று மூன்றாம் ஆளைக் கேட்பதுபோல் அந்தக் காலத்தில் கேட்க வேண்டியிருந்தது. நாம் "சார் எப்ப வர்றாங்க?" என்று சாரிடமே கேட்பதில்லையா, அதேதான். 1967-இல் ப்ரூர் ரெக்ஸெட் என்பவர் அங்கே மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்ததும், ஊழியர்கள் எல்லாரையும் "டு" என்றுதான் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார். "டு" என்றால் நம் "நீ". அதற்கு முன்பே தொடங்கியிருந்த மாற்றம்தான், அவர் ஒருவரால் வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் தொடங்கி வைத்தவர் மேலே இருந்தவர், கேட்டில் நின்றவர் இல்லை.

நம் ஊரில் மேலே போகப் போக மரியாதை வழிகிறது. நீதிபதிகளை "மை லார்ட்" என்று கூப்பிடத் தேவையில்லை என்று வழக்கறிஞர்களுக்கான அமைப்பான இந்திய பார் கவுன்சில் 2006-இலேயே சொல்லிவிட்டது. நீதிபதி சந்துரு தன்னை அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டார்களா எல்லாரும்? அந்த லார்டில் கொஞ்சத்தைக் கீழே இறக்கினால் கேட்டில் நிற்பவருக்கு ஒரு "ங்க" தேறும்.

"முதலில் அவர்களுக்கு நல்ல சம்பளம் கேள், இந்தச் சொல் விளையாட்டெல்லாம் அப்புறம்" என்கிறீர்களா? பராமரிப்புக் கட்டணத்தை நூறு ரூபாய் ஏற்றியதற்கு ஒரு வாரம் சண்டை போட்ட நீங்களா? போதும், போங்கள்.

வீட்டுக்குள் மட்டும் என்ன வாழ்கிறது? எத்தனை வீடுகளில் மனைவி "ஏங்க, சாப்பிட வாங்க" என்கிறாள், கணவன் "ஏய், தண்ணி கொண்டா" என்கிறான்? இதைக் கேட்டால் அது அந்நியோன்னியமாம். பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்கு உங்கள் அம்மா வயது. உங்கள் ஐந்து வயதுக் குழந்தை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது, நீங்கள் "ஷார்ப்பான பிள்ளை" என்று சிரிக்கிறீர்கள். அதே குழந்தை செகரட்டரியைப் பேர் சொல்லிக் கூப்பிடட்டும், பார்க்கலாம்.

கடைசியாக உள்பெட்டிக்கு வந்த அன்பர்களுக்கு. "நீ ஒரு பொம்பள, உனக்கு எதுக்கு அசோசியேஷன் அரசியல்", "நீ என்ன பெரிய புரட்சியா?" எல்லாவற்றையும் படித்தேன். மரியாதையைக் காப்பாற்றக் கிளம்பிய உங்களில் ஒருவர்கூட என்னை "நீங்கள்" என்று கூப்பிடவில்லை. பரவாயில்லை, யாரையும் பிளாக் செய்யப் போவதில்லை. ஒருமையில் வந்தால் ஒருமையில் பதில் வரும். அப்புறம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மரியாதை தெரியாதவள் என்று குழுவில் போடாதீர்கள்.